மீதிக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார்?

மாணவர்களே, கோடை விடுமுறை தொடங்கியதும் உங்களில் பலர் தாத்தா பாட்டியைக் காண ஊருக்குப் புறப்படுவீர்கள். தில்லியில் வாழ்வோர் தமிழ்நாடு விரைவு வண்டியிலோ கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியிலோ ஏறுவர். புதுதில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவுகளும் அவற்றிற்கு இடைப்பட்ட ஒரு நீண்ட பகலும் கழியும். அம்மா கட்டித் தந்த புளியோதரை நாகபுரி வரும்முன் தீர்ந்துவிடும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் மாணவர்களுக்கும் இத்தகைய வண்டியும் இத்தகைய புளியோதரையும் உண்டு.

அப்பயணத்திற்குரிய பயணச்சீட்டை ஒருமுறையேனும் முழுவதுமாகப் படித்திருக்கிறீர்களா? வண்டி எண், பெட்டி எண், படுக்கை எண் ஆகியவற்றைப் பார்த்ததும் அதை மடித்துப் பையில் வைத்துவிடுவது நம் வழக்கம். ஆனால் 2016ஆம் ஆண்டு முதல் அச்சீட்டில் சிறிய எழுத்துகளில் ஒரு செய்தியையும் அச்சிடத் தொடங்கினர். பயணத்திற்கு ஆகும் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டை மட்டுமே ரயில்வே கட்டணமாகத் திரும்பப் பெறுகிறது என்பதே அச்செய்தி.

அதாவது, நம்மை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல நூறு ரூபாய் செலவானால், நாம் தருவது 57 ரூபாய். மீதி 43 ரூபாயை யாரோ தருகின்றனர். 2022-23ஆம் ஆண்டில் மட்டும் பயணிகளுக்கு அளிக்கப்பட்ட இத்தகைய சலுகை 56,993 கோடி ரூபாய் என ரயில்வே அமைச்சர் பின்னர் தெரிவித்தார். இவ்வளவு பெரிய தொகை வானத்திலிருந்து விழுவதில்லை. அதைச் செலுத்துபவர் யார் என்பதையே இப்பாடத்தில் காணப்போகிறோம். சாலைக்கும் மெட்ரோவுக்கும் இதே வினா பொருந்தும். எனினும் தொடர்வண்டியிலிருந்தே தொடங்குவோம்.

நாகபுரிக்குத் தெற்கே பயணம் செய்யும்போது சன்னல் ஓரம் அமர்ந்து வெளியே பாருங்கள். சந்திரப்பூர், இராமகுண்டம் ஆகிய பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. அங்கே பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு நீண்ட சரக்கு வண்டி அசையாமல் நிற்பதைக் காண்பீர்கள். நம் வண்டி கடந்து செல்வதற்காகவே அது ஒதுங்கி நிற்கிறது. அதன் பெட்டிகளை எண்ணத் தொடங்கினால் ஐம்பதைத் தாண்டும். ஒரு நிலக்கரி வண்டி ஏறத்தாழ 4,000 டன் சுமையை ஏற்றிச் செல்கிறது. அதே சுமையை நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள் சேர்ந்துதான் இழுக்க இயலும்.

ஒதுங்கி நிற்கும் அந்த வண்டிதான் நம் மீதிக் கட்டணத்தின் பெரும்பகுதியைச் செலுத்துகிறது.

2023-24ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே ஏறத்தாழ 159 கோடி டன் சரக்கை ஏற்றிச் சென்றது. அதில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி. ரயில்வேயின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்தே கிடைக்கிறது. சரக்கை ஏற்றிச் செல்ல ஆகும் செலவைவிட அதிகமாகக் கட்டணம் பெற்று, அந்த மிகுதியால் பயணிகளின் குறையை ஈடுசெய்கின்றனர். ஒருவரிடம் கூடுதலாகப் பெற்று மற்றொருவருக்குக் குறைத்துக் கொடுக்கும் இம்முறைக்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். நிலக்கரி வாய் திறந்து முறையிடப் போவதில்லை அல்லவா? நிலக்கரி முறையிடாது, ஆனால் அதன் கட்டணம் அதனுடனே பயணம் செய்கிறது. சுரங்கத்திலிருந்து மின் நிலையத்திற்கு நிலக்கரியைக் கொண்டுசெல்லும் செலவு, மின்சாரம் உற்பத்தி செய்யும் செலவில் சேர்கிறது. அது மின் கட்டணத்தில் சேர்கிறது. தொடர்வண்டியையே காணாத ஒரு சிற்றூரில், ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டில் வாழ்பவரும் அதில் ஒரு சிறு பங்கைச் செலுத்துகிறார். சிமெண்டுக்கும் உரத்திற்கும் இரும்புக்கும் இவ்வாறே. ஏழைப் பயணிக்கு உதவும் சலுகை, பயணமே செய்யாத மற்றோர் ஏழையின் பையிலிருந்தும் வரக்கூடும். சலுகை பெறுபவரின் பெயர் பயணச்சீட்டில் இருக்கிறது. கொடுப்பவரின் பெயர் எங்கும் இல்லை.

சென்னை மக்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி பாரதீப் துறைமுகம் வரை தொடர்வண்டியில் வருகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு வந்து வடசென்னை அனல்மின் நிலையத்தை அடைகிறது. வழி சற்றுச் சுற்று எனினும் கடல்வழியில் செலவு குறைவு.

எல்லாச் சரக்குக்கும் கடல் வாய்ப்பதில்லை. கட்டணம் உயர்ந்தும் வேகம் குறைந்தும் இருந்தால் வணிகர் சாலையை நாடுவர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் நெடுந்தொலைவுச் சரக்கில் மிகப் பெரும்பகுதி தொடர்வண்டியில் சென்றது. பின்னர் அப்பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதை 2030ஆம் ஆண்டிற்குள் 45 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் இலக்கு வைத்துள்ளது. சரக்கு லாரிக்கு மாறுவதால் டீசல் கூடுதலாக எரிகிறது, நெடுஞ்சாலை நெரிகிறது, ரயில்வேக்கு நல்ல வருவாயும் குறைகிறது. குறைந்த வருவாயை ஈடுசெய்ய மீண்டும் சரக்குக் கட்டணத்தை உயர்த்தினால் இன்னும் சில வணிகர் விலகுவர். பானையின் ஓட்டையை அடைக்காமல் மேலும் மேலும் நீர் ஊற்றுவது போன்றது இது.

இச்சுழலிலிருந்து மீளவே சரக்கு வண்டிகளுக்கென்று தனி இருப்புப்பாதைகள் அமைக்கப்பட்டன. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் நீளமுள்ளது கிழக்குப் பாதை. மும்பையை அடுத்த ஜவாகர்லால் நேரு துறைமுகத்திலிருந்து தில்லியை அடுத்த தாத்ரி வரை திட்டமிடப்பட்ட 1,506 கிலோமீட்டர் மேற்குப் பாதை. கிழக்குப் பாதைக்கு உலக வங்கியும் மேற்குப் பாதைக்கு ஜப்பானும் கடன் அளித்தன. இப்பாதைகளில் சரக்கு வண்டி எவருக்காகவும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. சரக்கு வண்டி விலகிய பழைய பாதையில் பயணிகள் வண்டிக்கும் இடம் கிடைக்கிறது.

யார் பணத்தில் தொடர்வண்டி ஓடுவது என்ற வினா இன்று பிறந்ததன்று. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியபோதே அது எழுந்தது. அக்காலத்தில் இருப்புப்பாதை அமைத்தவை ஆங்கிலேயத் தனியார் நிறுவனங்கள். அவற்றிற்கு நிலத்தை அரசு இலவசமாக வழங்கியது. அத்துடன், இட்ட முதலுக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு வருவாய் உறுதி என்றும் வாக்களித்தது. வண்டி ஓட்டி அவ்வளவு வருவாய் கிடைக்காவிட்டால் குறைந்த தொகையை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பார்கள். இத்தகைய உறுதி கிடைத்தவர் ஏன் சிக்கனமாகச் செலவிட வேண்டும்? இந்திய அரசின் நிதிப் பொறுப்பை வகித்த வில்லியம் மாசி என்பவரே 1872இல் ஆங்கிலேய நாடாளுமன்றக் குழுவின்முன் இதை ஒப்புக்கொண்டார். வருவாய் உறுதியாக இருக்கும்வரை, தாம் கொடுத்த பணம் செங்கல்லும் சுண்ணாம்பும் ஆனதா, ஊக்ளி ஆற்றில் எறியப்பட்டதா என்பதைப் பற்றி முதலீட்டாளர் கவலைப்படவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். தாதாபாய் நௌரோஜி போன்ற தலைவர்கள், நாட்டின் செல்வம் வெளியே வடிந்தோடும் வாய்க்கால்களுள் ஒன்றாக இதையும் சுட்டிக்காட்டினர்.

பின்னர் 1920இல் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தஞ்சைப் பகுதியின் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் அதில் ஓர் உறுப்பினர். அந்நாளில் ரயில்வேக்கு எவ்வளவு பணம் என்பதை ஆண்டுதோறும் பொது நிதியின் நிலையைப் பார்த்தே முடிவு செய்தனர். பஞ்சம் வந்தாலும் போர் வந்தாலும் பாதிப் பாலத்தோடு வேலை நின்றுவிடும். ரயில்வேயின் கணக்கை அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. அதன்படி 1924இல் கணக்கு பிரிக்கப்பட்டது. ரயில்வேக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கும் வழக்கம் அதனால் வேரூன்றியது. புதிய வண்டி எந்த ஊருக்கு, எந்தப் பாதை அகலமாகும் என்று மக்கள் வானொலியின் அருகே காத்திருந்த காலத்தை உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். 2017இல் அத்தனி அறிக்கை மீண்டும் பொது நிதிநிலை அறிக்கையுடன் இணைக்கப்பட்டது. அதுவரை அரசின் முதலீட்டுக்காக ரயில்வே செலுத்திவந்த ஈவுத்தொகையும் நிறுத்தப்பட்டது.

கணக்கைப் பிரித்தபோது அதைச் சீர்திருத்தம் என்றனர்; சேர்த்தபோதும் சீர்திருத்தம் என்றனர். இரண்டுக்கும் அந்தந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. தனி அறிக்கை இருந்தபோது, வருவாய் தராத வழித்தடங்களில்கூடப் புதிய வண்டிகளை அறிவிப்பது அமைச்சர்களுக்கு எளிதாயிற்று. அறிவித்த வண்டிகளுக்கும் பாதைகளுக்கும் பணம் எங்கே என்ற வினா பின்தங்கியது.

இனி பயணிகளின் கட்டணத்தைப் பார்ப்போம். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் மூன்றாம் வகுப்பில் நாடெங்கும் சுற்றினார். பயணிகளிடமிருந்து கிடைக்கும் வருவாயில் பெரும்பகுதியைத் தருவோர் மூன்றாம் வகுப்பினர். ஆனால் இடநெருக்கடியும் அழுக்கும் அவர்களுக்கே. இதை அவர் 1917இல் எழுத்தில் முறையிட்டார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல்தான் நீங்கியது. அதன் பின்னும் இரண்டாம் வகுப்புப் படுக்கை வெறும் மரப்பலகையாகவே இருந்தது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே அதன்மேல் நுரை மெத்தை இடச் செய்தார். இரண்டு அங்குல மெத்தைதான். ஆயினும் கோடிக்கணக்கானோரின் முதுகு அந்த இரண்டு அங்குலத்தை அறியும். சீர்திருத்தம் என்றால் எப்போதும் பெரிய எந்திரமும் பெரிய தொகையும் வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதை நான் எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

கட்டணத்தை உயர்த்துவது மட்டும் மெத்தை இடுவதுபோல் எளிதன்று. 2012 மார்ச் 14 அன்று அப்போதைய அமைச்சர் தினேஷ் திரிவேதி, பல ஆண்டுகளாக மாறாதிருந்த கட்டணத்தை உயர்த்துவதாக அறிவித்தார். சாதாரண இரண்டாம் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா. படுக்கை வகுப்புக்கு 5 பைசா. வண்டிகளின் பாதுகாப்புக்கு அப்பணம் தேவை என்றார். அவருடைய கட்சியே அதை எதிர்த்தது. சில நாட்களுக்குள் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த அமைச்சர் கீழ் வகுப்புகளுக்கான உயர்வைத் திரும்பப் பெற்றார். சில பைசாக்கள் ஓர் அமைச்சரின் பதவியைப் பறித்தன.

2025 ஜூலை 1 அன்று கட்டணம் மீண்டும் சிறிது உயர்ந்தது. விரைவு வண்டிகளில் குளிர்சாதனம் இல்லாத வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா, குளிர்சாதன வகுப்புகளுக்கு 2 பைசா. உங்கள் குறிப்பேட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். தில்லியிலிருந்து சென்னை வரையிலான 2,180 கிலோமீட்டருக்குப் படுக்கை வகுப்பில் கூடுதலாக 21 ரூபாய் 80 பைசா. புறநகர் வண்டிகளுக்கும் மாதப் பயணச்சீட்டுக்கும் அப்போது உயர்வே இல்லை.

மாதப் பயணச்சீட்டு என்றதும் மும்பை மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வீர்கள். அங்கே இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்திற்குச் சமம். மாதத்தில் 25 நாட்கள் வேலைக்குச் சென்று திரும்புபவர் 50 பயணம் செய்கிறார்; 15 பயணத்திற்கே பணம் தருகிறார். தாராவியிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வேலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை இந்தச் சீட்டின்மேல் நிற்கிறது. இதை நிறுத்திவிடலாம் என்று எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. சீட்டு விலை உயர்ந்தால் அவர்கள் வாழும் இடத்தையோ செய்யும் வேலையையோ மாற்ற நேரிடும். நகரமும் அவர்களின் உழைப்பை இழக்கும். ஆகவே இச்சலுகையால் பயன்பெறுபவர் பயணி மட்டுமல்லர். அவரை வேலைக்கு வைத்திருப்பவரும் பயன்பெறுகிறார். ஆனால் அவர் இதற்கென ஒரு பைசாவும் தருவதில்லை.

எல்லா வகுப்பும் இழப்பில் ஓடுவதும் இல்லை. மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி பல ஆண்டுகளில் தன் செலவைத் தானே ஈட்டியிருக்கிறது என்று தணிக்கை அறிக்கைகள் காட்டுகின்றன. வியப்பு என்னவெனில், அதைவிட உயர்ந்த முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டி பல ஆண்டுகளில் இழப்பில் ஓடியிருக்கிறது. ஒரு பெட்டியில் மிகச் சிலரே பயணம் செய்வதே அதற்குக் காரணம். சலுகை ஏழைகளுக்கே போகிறது என்று நாம் எண்ணிக்கொள்வது எப்போதும் சரியன்று.

சரக்கிலிருந்து வரும் மிகுதியும் இப்போது போதவில்லை. ரயில்வே ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 98 ரூபாய்க்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், மின்சாரம், பழுதுபார்ப்பு போன்ற அன்றாடச் செலவுகளுக்கே போய்விடுகிறது. மிஞ்சும் இரண்டு ரூபாயில் புதிய பாலம் கட்டுவது எங்ஙனம்? இங்கேதான் இரண்டாவது கொடையாளர் வருகிறார். அவர் வரி செலுத்தும் குடிமகன். 2024-25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ரயில்வேயின் புதிய முதலீடுகளுக்கென மைய அரசு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 2,52,000 கோடி ரூபாய். பத்தாண்டுகளுக்கு முன் ஒதுக்கியதைப் போல இது பல மடங்கு. வரி என்றால் வருமான வரி மட்டும் என்று எண்ண வேண்டா. நீங்கள் வாங்கும் பென்சில் பெட்டிக்கும் வரி உண்டு.

மூன்றாமவர் இனிமேல் வரப்போகிறவர். கடன் வாங்கினால் அதைத் திருப்பித் தருபவர் நாளைய மக்கள். 1986இல் தொடங்கப்பட்ட இந்திய ரயில்வே நிதிக் கழகம் கடன் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டி, அதில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடுகிறது. நீங்கள் ஏறும் பெட்டியே இவ்வாறு குத்தகைக்கு வந்ததாக இருக்கலாம். கடன் தீங்கன்று. முப்பது ஆண்டு உழைக்கும் எஞ்சினுக்கு முப்பது ஆண்டுகளாகப் பணம் செலுத்துவது முறையே. ஆனால் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குவது, நேற்று உண்ட சோற்றுக்கு நாளை விலை கொடுப்பதாகும்.

நான்காமவர் ஒருவரும் உண்டு. அவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு வீட்டின் ஓடுகளை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்புள்ள குடும்பம் அதற்காக ஆண்டுதோறும் சிறிது பணம் எடுத்து வைக்கும். பணமுடை வந்த ஆண்டில் எடுத்து வைக்காவிட்டால் அன்றைக்கு வீடு ஒன்றும் ஆகிவிடாது. மழை வரும்போதுதான் தெரியும். தண்டவாளத்திற்கும் சமிக்ஞைக்கும் பாலத்திற்கும் ரயில்வே எடுத்து வைக்கும் இத்தகைய பணத்திற்குத் தேய்மான நிதி என்று பெயர். கட்டணத்தை உயர்த்த முடியாத ஆண்டுகளில் முதலில் குறைக்கப்படுவது இந்நிதியே. ஏனெனில் ஓடு முறையிடுவதில்லை.

இக்குறையைப் போக்க 2017-18இல் தேசிய ரயில் பாதுகாப்பு நிதி என ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் ஓர் இலட்சம் கோடி ரூபாய் செலவிடுவது திட்டம். ஆண்டுதோறும் அரசு 15,000 கோடியும் ரயில்வே தன் வருவாயிலிருந்து 5,000 கோடியும் தர வேண்டும். முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே தர வேண்டிய 20,000 கோடியில் கால் பங்கிற்கும் குறைவாகவே தர முடிந்தது என்று தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை கூறுகிறது. 98 ரூபாய் கணக்கை அறிந்த உங்களுக்கு இதன் காரணம் விளங்கும். ஆகவே மீதிக் கட்டணத்தின் ஒரு பகுதியை நாம் பணமாக அன்றிப் பாதுகாப்பாகவும் செலுத்திக்கொண்டிருந்தோம் எனலாம்.

ஆயினும் பணம் சரியான இடத்தைச் சேர்ந்தபோது நற்பயன் விளைந்ததற்கும் சான்று உண்டு. சாலை இருப்புப்பாதையைக் குறுக்கிடும் இடங்களில் ஆயிரக்கணக்கானவற்றுக்கு ஒரு காலத்தில் காவலரும் இல்லை, கதவும் இல்லை. மாட்டுவண்டிகளும் பள்ளி ஊர்திகளும் அங்கே விபத்துக்குள்ளாயின. 2019 சனவரி இறுதிக்குள் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. சில இடங்களில் காவலர் அமர்த்தப்பட்டார். சில இடங்களில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வந்தது. சில கடவுகள் மூடப்பட்டன.

இத்தகைய வேலைகளுக்கு ஒரு பகுதிப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெட்ரோலிலிருந்தும் டீசலிலிருந்தும். இங்கே நாம் இருப்புப்பாதையை விட்டுச் சாலைக்கு வருகிறோம்.

சாலைக்கு வாயிலும் இல்லை, பயணச்சீட்டும் இல்லை. எனவே சாலையைப் பயன்படுத்துவோரிடம் எவ்வாறு பணம் பெறுவது என்று எம். ஆர். ஜெயகர் தலைமையிலான குழு 1927இல் ஆராய்ந்தது. அதிகமாக ஓடும் வண்டி அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும். ஆகவே பெட்ரோலின்மேல் வரி இட்டால் ஓட்டத்திற்கேற்பப் பணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. அதன் விளைவாக 1929இல் மையச் சாலை நிதி தோன்றியது. அதற்கு 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம், டீசல் மேல்வரியில் பாதியைச் சிற்றூர்ச் சாலைகளுக்கு ஒதுக்கியது. எஞ்சிய தொகையில் 57.5 விழுக்காடு தேசிய நெடுஞ்சாலைக்கும், 30 விழுக்காடு மாநிலச் சாலைகளுக்கும், 12.5 விழுக்காடு இருப்புப்பாதைக் கடவுகளின் பாதுகாப்புக்கும் மேம்பாலங்களுக்கும் சென்றன. லாரி ஓட்டுநர் நிரப்பிய டீசலின் ஒரு துளி, தொடர்வண்டிப் பாதையின்மேல் பாலமாக நின்றது. 2018இல் இந்நிதியின் பெயரும் நோக்கமும் விரிந்து, அது சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி ஆயிற்று.

சிற்றூர்ச் சாலைக்கு ஒதுக்கிய பங்கை மறக்கக் கூடாது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலைப்பகுதியில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளுக்கு எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலை அமைப்பதை நோக்கமாகக் கொண்டது. இச்சாலைகளில் சுங்கம் இல்லை. இருந்தால் எவராலும் செலுத்தவும் இயலாது. நோயாளி மருத்துவமனைக்கு வருவதும், மழைக்காலத்தில் மாணவி பள்ளிக்கு வருவதும் இச்சாலையில்தான். நெடுஞ்சாலைப் பயணியின் டீசல் இதற்குப் பணம் தருவதை நான் குறையாகக் காணவில்லை. தருகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்று.

பெருநெடுஞ்சாலைகளின் கதை வேறு. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலைக்கு மேல்வரியும் கடனும் சுங்கமும் பயன்பட்டன. சுங்கச்சாவடியில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்று சில்லறை தேடிய காலம் போய், 2021 பிப்ரவரி முதல் கண்ணாடியில் ஒட்டும் பாஸ்டாக் பட்டை கட்டாயமாயிற்று. அதே காலத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடனும் வளர்ந்து மூன்று இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதன்பின் அரசு, ஆணையம் வெளியில் கடன் வாங்குவதை நிறுத்தி, வரிப்பணத்திலிருந்தே பெரும்பகுதியைத் தரத் தொடங்கியது.

நகரத்திற்குள் வந்தால் மெட்ரோ. 2002 டிசம்பர் 24 அன்று தில்லியில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை முதல் வண்டி ஓடியது. முதற்கட்டச் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஜப்பான் குறைந்த வட்டியில் அளித்த நீண்ட காலக் கடன். மைய அரசும் தில்லி அரசும் சம பங்காளிகள். சென்னை மெட்ரோவும் ஜப்பானின் கடனுதவியுடன் எழுந்ததே. 2017இல் தில்லி மெட்ரோ கட்டணம் ஒரே ஆண்டில் இருமுறை உயர்ந்தபோது கடும் விவாதம் எழுந்தது. கட்டணக் குழு கணக்கைக் காட்டியது. மக்கள் தம் மாதச் சம்பளத்தைக் காட்டினர். இரண்டும் உண்மையான கணக்குகளே. அதற்குமுன் எட்டு ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு ஒரேயடியாக உயர்த்தியதுதான் வலியைப் பெரிதாக்கியது என்பது என் கருத்து. பேருந்தில் இன்னொரு வழி பின்பற்றப்படுகிறது. தில்லியில் 2019 முதலும் தமிழ்நாட்டில் 2021 முதலும் பெண்கள் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதற்கான தொகையை மாநில அரசு தன் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. இது சரி என்போரும் தவறு என்போரும் உளர். ஆனால் எவ்வளவு, யாருக்கு, எவர் பணத்தில் என்பதை அனைவரும் காணலாம். காண்பதால்தான் வாதிட முடிகிறது.

ரயில்வேயிலும் இவ்வாறே செய்யலாம் என்று 2001இல் ராகேஷ் மோகன் தலைமையிலான வல்லுநர் குழு கூறியது. சமூக நலனுக்காக இழப்பில் ஓட்டும் வண்டிகளை அரசு வேண்டும் எனக் கருதினால், அவ்விழப்பை அரசே கணக்கிட்டுத் தர வேண்டும். நிலக்கரியின் தோளில் சுமத்தக் கூடாது. 2015இல் விவேக் தேவ்ராய் குழு இன்னும் ஒரு படி சென்றது. எந்த வண்டிக்கு எவ்வளவு செலவு என்பதைக் காட்டும் கணக்குமுறை முதலில் வேண்டும் என்றும், கட்டணம் போன்றவற்றை நடுநிலையோடு ஆராய ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தனி நிதிநிலை அறிக்கையை நிறுத்த வேண்டும் என்ற அதன் பரிந்துரை நிறைவேறியது. கட்டணத்தை மட்டும் இன்றும் அரசே தீர்மானிக்கிறது.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது கீழ்க்காணும் பணிகளைச் செய்து பாருங்கள். உங்கள் பயணச்சீட்டிலுள்ள கட்டணத்தை 57ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். சராசரிக் கணக்கின்படி உங்கள் பயணத்தின் முழுச் செலவு ஏறத்தாழக் கிடைக்கும். அதிலிருந்து நீங்கள் கொடுத்ததைக் கழித்து, மீதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வழியில் ஒதுங்கி நிற்கும் சரக்கு வண்டிகளை எண்ணுங்கள். அவை எவற்றை ஏற்றிச் செல்கின்றன என்பதையும் குறியுங்கள். பிறகு வண்டியில் அமர்ந்தே வீட்டாருடன் ஒரு வினாவைப் பற்றிப் பேசுங்கள். மின்கலத்தால் ஓடும் மகிழுந்து பெட்ரோலும் வாங்குவதில்லை, டீசலும் வாங்குவதில்லை. அது சாலையைத் தேய்க்கிறது. ஆனால் ஜெயகர் குழு கண்ட வழியில் அதனிடமிருந்து ஒரு பைசாவும் பெற முடியாது. அதற்குரிய பங்கை எவ்வாறு பெறலாம்? உங்கள் விடையைப் பத்து வரிகளில் எழுதி, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று வகுப்பில் படியுங்கள்.